மேற்குச் சுவரின் காவிப் பட்டை

என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விடுகிறார் என்று முதலாளி சொன்னபோது, நான் அதைப் பாதி நம்பினேன். மீதிப் பாதியை நம்பாததற்கு அன்பு காரணமில்லை. முதலாளியையும் நான் நம்புகிறவள் இல்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சித்தூரில் இருந்தோம். நான் மிஷன் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தினேன். அவர் ஊருக்கு வெளியே ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் குளிர் மெஷினை ஓட்டுகிற ஆபரேட்டர். அங்கே வைத்தது எல்லாம் புளி. கோடைக்கு முன் வாங்கிய புதுப்புளியை வெளியே வைத்தால் இரண்டு மாதத்தில் கறுத்து ஒழுகும். குளிரில் வைத்தால் அடுத்த வருஷம் வரை சிவப்பாகவே இருக்கும். சிவந்த புளிக்கு ஒரு விலை, கறுத்த புளிக்குக் கேட்பார் கிடையாது.

அந்த மே மாதம் கதவோரம் இருந்த மூட்டைகள் கறுக்க ஆரம்பித்தன. உள்ளே ஐந்து டிகிரி இருக்க வேண்டும். பகலெல்லாம் ஐந்து இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில் கூட ஐந்துதான். பொழுது சாய்ந்த பிறகு, வெளியே காற்று ஆற ஆரம்பிக்கும்போது, உள்ளே ஆறு, ஏழு, எட்டு என்று ஏறும். விடிவதற்குள் மெல்ல இறங்கிவிடும்.

காலை ஷிப்ட் பார்த்தவன் முதலாளியின் மருமகன், அக்காள் மகன். சாயங்காலம் நாலு மணியிலிருந்து நடுச்சாமம் வரை என் கணவர். வெயிலில் குளிராக இருக்கிற ரூம் ராத்திரியில் சூடாகிறது என்றால் யார் மேல் பழி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டுப் போகிறான் என்று அந்த மருமகன் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டான். முதலாளி என் கணவரைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இதை அவர் வீட்டில் வந்து சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "நிறுத்துனீங்களா?" என்பது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். ஆனால் எனக்கு ஒன்று தெரியும். அவருக்குச் சாப்பாட்டு கேரியர் எடுத்துப் போகிறவள் நான்தான். இரண்டு முறை நான் போனபோது மெஷின் ரூமில் ஆள் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் இல்லை. கேட்டதற்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனேன் என்றார். தொட்டி பக்கமிருந்துதான் நான் வந்தேன். அங்கே அவர் இல்லை.

ஆக, பொய் சொல்கிற மனிதர். மெஷினை நிறுத்தினாரா என்பது வேறு கேள்வி. அதை அவரிடம் கேட்டுப் பயனில்லை. முதலாளியின் மருமகனிடம் கேட்டும் பயனில்லை. வேறு யாரையாவது கேட்க வேண்டும். நான் ரூமையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

திருப்பதியில் என்னோடு பி.எஸ்ஸி. படித்தவள் ஒருத்தி அங்கேயே கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தாள். குளிர்சாதனப் பொறியியல் புத்தகம் ஒன்றை எனக்காக லைப்ரரியில் எடுத்து வைக்கும்படி சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு நடத்த என்றேன். அவள் நம்பவில்லை, நானும் நம்ப வைக்க மெனக்கெடவில்லை.

அதில் இருந்த விஷயம் பெரிய வித்தை இல்லை. வெளியிலிருந்து உள்ளே வருகிற சூடு, சித்தூரிலிருந்து மெட்ராசுக்குப் போகிற லாரி மாதிரி. வழியில் பல செக்போஸ்ட். சுவருக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிற காற்று ஒரு செக்போஸ்ட். பூச்சு ஒன்று. செங்கல் ஒன்று. அதற்கு உள்ளே பதித்த கார்க் பலகை ஒன்று. மறுபடி பூச்சு, மறுபடி உள்பக்கத்துக் காற்று. ஒவ்வொன்றும் எவ்வளவு தடுக்கிறது என்று தனித்தனியாகக் கணக்கிட்டு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையால் ஒன்றை வகுத்தால் கிடைப்பதுதான் அந்தச் சுவர் மொத்தமாகச் சூட்டை எவ்வளவு விடும் என்கிற எண். அதைச் சுவரின் பரப்பாலும், வெளிச்சூட்டுக்கும் உள்சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தாலும் பெருக்கினால், மணிக்கு எவ்வளவு சூடு உள்ளே வருகிறது என்று தெரியும். இருக்கிற செக்போஸ்ட்களில் கறாரானது கார்க்தான். மற்றவர்கள் எல்லாம் கையைக் காட்டி விட்டுவிடுகிறவர்கள்.

உள்ளே கூரையடியில் தொங்குகிற குளிர்க்குழாய்களுக்கும் இதே கணக்குதான். அங்கே சூடு ரூமிலிருந்து குழாய்க்குள் போக வேண்டும். குழாய்மேல் பனி கட்டினால் அதுவும் ஒரு செக்போஸ்ட்.

நான் முதலில் சந்தேகப்பட்டது சுவர் கட்டிய கான்ட்ராக்டரை. நாலு அங்குல கார்க் என்று காசு வாங்கிவிட்டு இரண்டு அங்குலம் வைத்திருப்பான், மீதிக்குக் கடலைத்தோல் அடைத்திருப்பான் என்று நினைத்தேன். குழாய் உள்ளே நுழைகிற இடத்தில் சுவர் திறந்திருந்தது. அதில் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். நாலு அங்குலமும் இருந்தது. தார் பூசி ஒழுங்காக ஒட்டியிருந்தான். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அடுத்து குழாய்ப் பனி. என் கணவர் அதைத் தவறாமல் உருக்கிவிடுகிறார். குழாய் சுத்தமாக இருந்தது.

பிறகு கணக்கைப் போட்டேன். வெளியே நிழலில் நாற்பத்தொன்று, உள்ளே ஐந்து. வருகிற சூட்டை எல்லாம் அந்த மெஷின் இழுத்துவிடும். சின்ன மெஷின்தான், முதலாளி கஞ்சத்தனமாக வாங்கியது, ஆனாலும் போதும். கொஞ்சம் மிச்சம் கூட இருந்தது. அப்படியென்றால் எட்டு டிகிரிக்கு ஏற வழியே இல்லை. மெஷின் நின்றால் ஒழிய.

மறுபடி போட்டேன். அதே விடை. எதிரே அவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவர் என்ன கணக்கு என்று கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் வேறொன்று தோன்றியது. மெஷின் நின்றால் ரூம் சூடாவது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தச் சுவருக்கும் தனி வஞ்சகம் இருக்காது. சுவரே சூட்டைக் கொண்டுவந்தால், அந்தச் சுவரின் உள்முகம் ரூம் காற்றைவிடச் சூடாக இருக்கும், மற்றச் சுவர்கள் அந்த அளவுக்கு இருக்காது. ஆக, நாலு சுவரின் உள்முகத்திலும் தெர்மாமீட்டர் வைத்தால், குற்றம் மெஷின் ரூமிலா சுவரிலா என்று தெரிந்துவிடும்.

கோடை லீவில் பூட்டிக் கிடந்த பள்ளி லேபைத் திறந்து ஐந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். எடுத்ததற்கு யாரிடமும் சொல்லவில்லை. நாலு தெர்மாமீட்டரின் பாதரசக் குமிழைப் பிசைந்த மைதாவால் சுவருக்கு ஒன்றாக ஒட்டினேன், ஐந்தாவதை நடுவில் தொங்கவிட்டேன். கம்பளி போர்த்திக்கொண்டு நான் அங்கே நிற்பதை, ஷிப்ட் முடிந்தும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த முதலாளியின் மருமகன் பார்த்துவிட்டான்.

"இன்னா டீச்சரம்மா, மாவு ஒட்டிகினு கீறீங்க. இட்டிலி ஊத்தப் போறீங்களா?"

"ஆமா. நீ சட்னிக்குப் புளி எடுத்துகினு வா" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே என் பையைப் பார்த்தான். நான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். ஸ்கேல், பென்சில், சாக்பீஸ் விழுந்தன. புளி இல்லை. அவன் போய்விட்டான். அவனைப் பற்றியும் ஒரு சந்தேகம் இருந்தது எனக்கு, மெஷினை இவன்தான் வந்து நிறுத்துகிறானோ என்று. அன்று சாயங்காலம் முழுக்க மெஷின் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. என் கணவரும் எங்கும் போகவில்லை. நான் இருந்ததால் போகவில்லையோ என்னவோ.

விளக்கு வைத்த நேரத்துக்கெல்லாம் ரூம் காற்று ஏற ஆரம்பித்தது. வடக்கு, தெற்கு, கிழக்குச் சுவர்கள் காற்றைவிட ஒரு டிகிரி கூட அதிகமில்லை. மேற்குச் சுவர் மட்டும் இரண்டரை. அதே கார்க், அதே செங்கல், அதே கான்ட்ராக்டர். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி.

அதாவது என் கணவர் நிறுத்தவில்லை. சரி. ஆனால் மேற்குச் சுவருக்கு மட்டும் என்ன வந்தது? அதைச் சொல்லாமல் முதலாளியிடம் போனால், பெண்டாட்டி புருஷனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்றுதான் சொல்வார். நானும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் திருப்பதி போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியபோது மூன்று மணி வெயில். அங்கே ஒரு சத்திரத்தின் மதில் ஓரமாக நடந்தேன். அந்த ஊரில் பாதி மதில்களுக்கு உள்ளது போலவே அதற்கும் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்திருந்தது. எதிரே கூட்டம் இடித்துக்கொண்டு வந்தது. விழாமலிருக்கச் சுவரில் கையை ஊன்றினேன். காவியில் பட்டது உள்ளங்கை. சுட்டு இழுத்துக்கொண்டேன். தடுமாறி மறுபடி ஊன்றியது வெள்ளையில். அங்கே கையை வைத்திருக்க முடிந்தது.

அங்கேயே நின்று இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தேன். போகிறவர்கள் வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

கோல்ட் ஸ்டோரேஜ் சுவர்கள் எல்லாம் கட்டியபோது சுண்ணாம்பு வெள்ளை. அந்த வருஷம் தெலுங்கு வருஷப் பிறப்புக்கு முன்னால் முதலாளி திருப்பதி மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். மகளுக்கு நல்ல இடம் அமைந்ததற்கு வேண்டுதல். வந்ததும் ரோட்டைப் பார்த்த மேற்குச் சுவருக்கு, அதுதான் நீளச் சுவர், கோயில் மதில் மாதிரிப் பட்டை அடித்தார். காவி அகலம், வெள்ளை ஒல்லி. பஸ்ஸில் போகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவருக்கு அதில் பெருமை.

என் கணக்கில் பிழை கூட்டலில் இல்லை. நிழலில் தொங்கிய தெர்மாமீட்டரை வெளிச்சூடு என்று எடுத்ததில் இருந்தது. வெயில் நேராக விழுகிற காவிச் சுவரின் தோல் நிழல்காற்றின் சூட்டிலா இருக்கும்? அறுபதுக்கும் மேல் போகும். வித்தியாசம் முப்பத்தாறு என்று போட்ட இடத்தில் ஐம்பத்தைந்துக்கு மேல் போட வேண்டும். சின்ன மெஷினிடம் இருந்த மிச்சம் எல்லாம் அதிலேயே போய்விடும்.

ராத்திரியில் ஏறுவதற்கும் பதில் கிடைத்தது. வெயில் மூன்று மணிக்கு விழுந்தாலும் செங்கல் அதை உடனே விடாது. பிடித்து வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல உள்ளே தள்ளும். இதற்குப் புத்தகமே வேண்டாம். மே மாதம் சித்தூரில் எந்த வீட்டிலும் ராத்திரி எட்டு மணிக்குச் சுவரில் முதுகு சாய்க்க முடியாது, கட்டிலை வெளியே போட்டுத்தான் படுக்கிறோம். முதலாளியும் அப்படித்தான் படுக்கிறார். அந்த மருமகனும் அப்படித்தான். தன் வீட்டுச் சுவர் ராத்திரியில் சுடுவது எல்லோருக்கும் தெரியும். கோல்ட் ஸ்டோரேஜ் சுவர் சுட்டால் மட்டும் ஆபரேட்டர் தூங்குகிறான்.

திங்கட்கிழமை மத்தியானம் முதலாளியைப் பார்க்கப் போனேன். என் கணவரும் ஷிப்டுக்கு முன்னாலேயே வந்து ஓரமாக நின்றார். நான் மேற்குச் சுவரைப் பற்றிச் சொல்லச் சொல்ல முதலாளியின் முகம் மாறியது. அவர் தமிழும் தெலுங்குமாகப் பேசுகிறவர்.

"நிஜம் செப்பும்மா. உங்க சாமிக்கு எங்க சாமி பட்ட கண்ணக் குத்துதா?"

நாங்கள் கிறிஸ்தவர்கள், இதை நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். இருந்தாலும் கோபம் வந்தது. "எங்க சாமி புளி யாவாரம் பண்றதில்ல" என்றேன். "கறுத்தா உங்களுக்குத்தான் நஷ்டம். வந்து கைய வச்சிப் பாருங்க."

"எதுக்கு?"

"காவில ஒரு கை, வெள்ளைல ஒரு கை. நான் வச்சா பொய் சொல்றேன்னுவீங்க."

வெயில் நன்றாக இறங்கிச் சுவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. வேலைக்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், அவர் வராமல் இருக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைக் கும்பிட்டுவிட்டு, இரண்டு கையையும் வைத்தார். காவியில் வைத்த கை உடனே வந்துவிட்டது. வெள்ளையில் வைத்தது அங்கேயே இருந்தது. திரும்ப வைத்துப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பட்டையை அழிக்க மாட்டேன், மகள் கல்யாணம் முடியாமல் சுண்ணாம்பு படக்கூடாது என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அழிக்க வேண்டாம் என்றேன். சுவருக்கு ஒரு முழம் தள்ளி மூங்கில் நட்டு, உயரம் முழுக்கக் கீற்றுத் தட்டி கட்டச் சொன்னேன். தட்டி வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று போகும், சுவர் நிழலில் இருக்கும். நான் முதலில் போட்ட கணக்கு அப்போது சரியாகிவிடும்.

"பட்டைய மறைச்சிட்டா வேண்டுதல் இன்னாவுறது?"

கேட்டவரும் முதலாளி, பதில் கண்டவரும் முதலாளியேதான். இரண்டு நாள் கழித்து ஆட்களை விட்டுத் தட்டி கட்டினார். காவி வெயிலில் வெளுத்துப் போகிறது, சாமிக்குப் பந்தல் போடுகிறேன் என்று மார்க்கெட்டில் சொன்னாராம். முன்பக்கம் ஒரு ஓரத்தில் மட்டும் தட்டியை விலக்கி, இரண்டு பட்டை ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி விட்டார். அந்த இரண்டு பட்டைக்கு உண்டான சூடு உள்ளே வரத்தான் செய்யும். மெஷின் தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

வாரக் கடைசிக்குள் ராத்திரியிலும் ஐந்துக்குக் கிட்டவே நின்றது. மாதம் முடிந்தது. வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொன்னதை முதலாளி மறுபடி எடுக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. சம்பளத்தை வழக்கம்போல் கொடுத்தார், என் கணவரும் வழக்கம்போல் வாங்கிக்கொண்டார். அந்த மருமகன் மட்டும் கொஞ்ச நாள், டீச்சரம்மா மாவு ஒட்டினதும் ரூம் குளிர்ந்துவிட்டது என்று சொல்லித் திரிந்தான்.

வேலை மிஞ்சியது. அதற்குத்தான் இவ்வளவும். என் கணவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாலு செவுத்துலயும் மீட்டர் ஒட்டினியே. செவுத்தச் சந்தேகப்பட்டியா, என்னச் சந்தேகப்பட்டியா?"

"ரெண்டு பேரையும்" என்றேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது.

அவர் சாப்பிட்டார். நானே கேட்டேன், அந்த இரண்டு நாளும் தொட்டி பக்கம் இல்லாமல் எங்கே போனீர்கள் என்று.

"ரோட்டோர டீக்கடைக்கி. சிலோன் ரேடியோல பாட்டு போடுவான். மெஷின் அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கும்."

எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது. நான்தான் கூடாது என்று வைத்திருந்தேன். அதற்காகப் பொய் சொன்னாராம். சொன்னது நம்புகிற மாதிரி இருந்தது. இவ்வளவு நம்புகிற மாதிரி இருக்கிறதே என்று சந்தேகமாகவும் இருந்தது. பாட்டுக்காகவா ஒரு மனிதர் பொய் சொல்வார் என்று நான் கேட்டதும் அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நாளைலேர்ந்து நீ கேரியர் எடுத்துகினு வராத. நான் ஊட்லயே துன்னுட்டுப் போறேன்" என்றார்.

அப்படியே செய்தார். பிறகு வருஷக்கணக்காக அந்த வேலையில் இருந்தார். மூன்றரை மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார், பசித்தால் அங்கே பன் வாங்கித் தின்பார். கேரியர் பரண்மேல் ஏறிவிட்டது. இதற்காக நான் வருத்தப்படவில்லை. அளந்து பார்க்காமல் விட்டிருந்தால் வேலை போயிருக்கும், அவரும் போகட்டும் என்று இருந்திருப்பார், நானும் பாதி நம்பிக்கொண்டே ஆயுசைக் கழித்திருப்பேன்.

எப்போதாவது சாயங்காலத்தில் அந்தப் பக்கம் வேலையிருந்தால் போவேன். தட்டி காய்ந்து பழுத்திருக்கும், ஓரத்தில் இரண்டு பட்டை தெரியும். ரோட்டைத் தாண்டி டீக்கடை. பாட்டு சத்தமாகக் கேட்கும். நிற்காமல் நடந்துகொண்டே எட்டிப் பார்ப்பேன். பெஞ்சின் கோடியில் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்.